மலேசியச் சாலையில் டொயோட்டா 86: ஏன் வாங்கலாம், எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலைக்கும் பசாருக்கும் ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதைக்கும் ஒரே காடி, அதுவும் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காடியாக இருக்க வேண்டும், கையில் உள்ள பணத்துக்கு ஹோண்டா சிவிக் டைப் ஆர் எஃப்டி2, மிட்சுபிஷி ஈவோ 10, மாஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா 86 நான்குமே எட்டுகிற தூரத்தில்தான் இருக்கின்றன என்றால், 86-ஐ வாங்குங்கள். நான்கில் மெதுவானது அதுதான் என்பது தெரிந்தேதான் சொல்கிறேன். பல வருஷமாக ஒரு மேனுவல் 86 வைத்திருக்கிறேன், மற்ற மூன்றையும் நண்பர்களிடம் வாங்கி, டேங்க் தீரும் வரை நம் சாலைகளில் ஓட்டியிருக்கிறேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிற பேச்சு இல்லை இது.

நம் நெடுஞ்சாலையில் சட்டப்படி உச்சவேகம் மணிக்கு 110 கிலோமீட்டர். மற்ற சாலைகளில் அதைவிடக் குறைவு, அப்புறம் கிள்ளான் பள்ளத்தாக்கு நெரிசலில் அதுவும் கிடையாது. இந்த எல்லைக்குள் ஒரு காடி உங்களுக்கு எவ்வளவு கொடுக்கிறது என்பதுதான் கேள்வி. 300 குதிரைத்திறன் காடி இந்த எல்லைக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். அதை எழுப்ப வேண்டுமென்றால் உரிமத்தையோ உயிரையோ பணயம் வைக்க வேண்டும். 86 அப்படி இல்லை. இரண்டாவது கியரில் சிவப்புக் கோடு வரை இழுத்தாலும் ஏறக்குறைய நூறுதான் வரும், ஆனால் அந்த நூறுக்குள் இன்ஜின், கியர், ஸ்டியரிங், டயர் எல்லாம் வேலை செய்வது கையில் தெரியும்.

காடியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2012-இல் வந்தது. டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து செய்தது, தயாரானது ஜப்பானில் குன்மா மாநிலத்தில் உள்ள சுபாரு தொழிற்சாலையில். சுபாரு முத்திரையோடு வருவது பிஆர்இசட், அடிப்படையில் அதே காடி. 1983-இல் வந்த ஏஇ86 கொரோலாவின் நினைவாகத்தான் 86 என்று பெயர். இன்ஜின் சுபாருவின் பாக்ஸர் வகை, 1998 சிசி, நான்கு சிலிண்டரும் படுத்த வாக்கில் இருக்கும், சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் நகரும் தூரமும் இரண்டுமே 86 மில்லிமீட்டர். டர்போ கிடையாது. நிமிடத்துக்கு 7,000 சுற்றில் 200 பிஎஸ் (குதிரைத்திறன் மாதிரி ஓர் அளவு), 205 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை), எடை சுமார் 1,250 கிலோ, பின்சக்கர இழுவை, மேனுவல் என்றால் ஆறு கியர். இன்ஜின் படுத்திருப்பதால் எடை தரைக்கு அருகில் இருக்கிறது, ஓட்டுநர் இருக்கையும் அப்படியே தாழ்ந்து கிடக்கிறது. முதல் நாள் உள்ளே உட்காரும்போது பக்கத்தில் நிற்கும் சின்னக் காடியான மைவியின் கதவுப்பிடி உங்கள் கண் மட்டத்தில் இருக்கும்.

இந்தக் காடியின் ரகசியம் டயரில் இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது போட்டிருந்தது 215/45 ஆர்17 மிஷலின் பிரைமசி எச்பி, சாதாரண செடான்களுக்குப் போடுகிற அதே டயர். கஞ்சத்தனம் என்று பலர் நினைத்தார்கள். ஆனால் அது தெரிந்து செய்த தேர்வு. பிடிப்பு குறைந்த டயர் என்பதால் குறைந்த வேகத்திலேயே காடி அசையத் தொடங்குகிறது, எங்கே நழுவப்போகிறது என்று முன்கூட்டியே சொல்கிறது, நீங்கள் ஸ்டியரிங்கை இம்மியளவு திருப்பினால் திரும்பி வந்துவிடுகிறது. பத்துமலையிலிருந்து அணைக்கட்டுப் பக்கமாக உலு யாம் போகிற பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். வளைவுக்குப் பின் வளைவு, மரநிழல், ஆங்காங்கே ஈரம். அந்தப் பாதையில் 60, 70-இல் போகும்போதே 86 உங்களோடு பேசுகிறது. ஈவோவில் அதே பாதையில் அதே வேகத்தில் எதுவும் நடக்காது. நடக்க வைக்க வேண்டுமென்றால், எதிரே வரும் லோரியை நினைத்தால் பயம் வரும் வேகத்துக்குப் போக வேண்டும்.

குறை இல்லாத காடி இல்லை. 86-இன் முதல் தலைமுறையில் உள்ள பெரிய குறை, கிட்டத்தட்ட 3,500 முதல் 4,500 சுற்று வரை டார்க் ஒரு பள்ளத்தில் இறங்குவது. டைனோ (இன்ஜின் சக்தியை அளக்கும் கருவி) வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பள்ளம் என்றால் பள்ளமே. கேட்கும்போது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் சாலையில் நாம் முந்திச் செல்வதற்கு மிதிக்கிற இடம் சரியாக அதுதான். காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில் ஐந்தாவது கியரில் போய்க்கொண்டிருக்கிறீர்கள், முன்னே ஒரு லோரி, வலது பாதை காலி, மிதித்தால் காடி யோசிக்கிறது. ஒரு கியர், சில சமயம் இரண்டு கியர் இறக்க வேண்டும். மேனுவலில் அது ஒரு சுகம் என்று நான் சொல்வேன், ஆட்டோவில் அது தொல்லை. ஆட்டோ 86-ஐ நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இனி மற்ற காடிகள்.

எஃப்டி2 டைப் ஆர். இதை விமர்சிக்க மனசு வராது, அவ்வளவு நல்ல இன்ஜின். கே20ஏ, 8,000 சுற்றில் 225 பிஎஸ், கம்ப்ரஷன் (பிஸ்டன் கலவையை அமுக்கும் விகிதம்) 11.7. ஆறாயிரத்தை நெருங்கும்போது வீடெக் (வால்வு திறப்பை மாற்றும் ஹோண்டா அமைப்பு) கேம் மாறி அந்தக் குரல் மாறுவதைக் கேட்டவர்கள் வாழ்நாளில் மறக்க மாட்டார்கள். முன்சக்கர இழுவையில் இவ்வளவு கூர்மையாக மூக்கைத் திருப்புகிற காடியை நான் வேறு ஓட்டியதில்லை. முன்னால் பிரெம்போ பிரேக், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் ஹெலிக்கல் எல்எஸ்டி, நான்கு கதவு, பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைத்துப் பள்ளியில் இறக்கிவிடலாம். அப்படியென்றால் ஏன் இதை முதலிடத்தில் வைக்கவில்லை? சஸ்பென்ஷன். ஜப்பானில் சர்க்யூட்டை மனதில் வைத்துக் கட்டிய சஸ்பென்ஷன் அது. செப்பாங் பந்தயத் தளத்தில் அற்புதம், தாமானுக்குள் (குடியிருப்புப் பகுதி) வேகத்தடைக்கு மேல் வேகத்தடை ஏறி இறங்கும்போது முதுகெலும்பு கணக்குக் கேட்கும். குடும்பக் காடி என்று சொல்லி வாங்கினால், பின்னால் உட்காரும் மாமியார் இரண்டாவது முறை ஏற மாட்டார். இன்னொன்று, சந்தையில் இதன் விலை ஏறிவிட்டதால் வேஷம் போட்ட காடிகள் நிறைய. சாதாரண 2.0 எஃப்டி2 செடானுக்கு டைப் ஆர் பம்பரும் சிவப்பு எம்பளமும் போட்டு விற்கிறார்கள். அதில் இருப்பது கே20இசட்2, 155 பிஎஸ்தான். இன்ஜின் குறியீட்டையும் சேசிஸ் எண்ணையும் பதிவுப் பத்திரத்தோடு ஒப்பிடாமல் ஒரு வெள்ளிகூட முன்பணம் கொடுக்காதீர்கள். ஹாஃப் கட்டிலிருந்து (ஜப்பானிலிருந்து வெட்டி வரும் பாதிக் காடி) உண்மையான கே20ஏ-வை எடுத்து மாற்றி வைத்ததும் உண்டு. அது நல்ல வேலையாக இருக்கலாம், ஆனால் இன்ஜின் மாற்றம் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே பதிவில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் பெயர் மாற்றப் பரிசோதனையில் உங்கள் தலையில்தான் விழும்.

ஈவோ 10. 4பி11 டர்போ, ஜப்பான் மாடலில் 422 நியூட்டன் மீட்டர், நான்கு சக்கர இழுவை, பின் சக்கரங்களுக்குள் டார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் ஏவைசி. மழையில் தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும் அந்தப் பழைய பாதையில் இதைவிட நம்பிக்கை தருகிற காடி கிடையாது. இது என் உறுதியான கருத்து. ஆனால் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை, பெட்ரோல் குடிக்கிற வயிறு, அதற்குக் கொடுத்திருப்பதோ 55 லிட்டர் டேங்க். ஏவைசி பம்ப் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், தண்ணீரும் சேறும் தெறிக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, துருப்பிடித்துப் போவது உலகம் முழுக்கத் தெரிந்த நோய். இரட்டை கிளட்ச் எஸ்எஸ்டி கியர்பாக்ஸ் உள்ள காடி என்றால் எண்ணெய் மாற்றிய வரலாறு இல்லாமல் தொடக்கூடாது. மிட்சுபிஷி இந்த வரிசையை நிறுத்தியே பல வருஷம் ஆகிறது, உதிரிபாகம் தேடுவது ஒவ்வொரு வருஷமும் கடினமாகிக்கொண்டே போகும். நகரத்துக்குள் இதை ஓட்டுவது எனக்கு மனக்கஷ்டமாகவே இருந்தது. இவ்வளவு திறமையை மூன்றாவது கியரில் 40-இல் உருட்டிக்கொண்டு போவது அந்தக் காடிக்குச் செய்கிற அநியாயம்.

எம்எக்ஸ்-5, அதாவது 2015-இல் வந்த என்டி. 86-க்கு உண்மையான போட்டி இதுதான். 2.0 இன்ஜின், எடை 1,100 கிலோவை ஒட்டி. 2018-இல் செய்த மாற்றத்துக்குப் பிறகு 184 பிஎஸ், 7,500 சுற்று வரை ஓடும். கியர் மாற்றும் சுகத்தில் 86 இதன் கிட்டக்கூட வராது. கூரையைத் திறந்து அதிகாலையில் ஓட்டினால், சரி, வேறு எதுவும் வேண்டாம் என்று தோன்றும். ஆனால் இரண்டே இருக்கை, பின்னால் 130 லிட்டர் பெட்டி. வீட்டில் இன்னொரு காடி இருப்பவர்களுக்கு மட்டும். துணிக்கூரைக் காடியை நம் வெயிலிலும் மழையிலும் திறந்தவெளியில் நிறுத்திவைக்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 86-இல் பின் இருக்கை பெயருக்குத்தான், பெரியவர்கள் உட்கார முடியாது, ஆனால் அதை மடக்கினால் நான்கு டயர் ஏற்றலாம், பிள்ளை சின்னதாக இருக்கும்வரை பின்னால் உட்கார வைக்கலாம். ஒரே காடி வைத்திருப்பவருக்கு அந்தப் பின் இருக்கைதான் தீர்ப்பு சொல்கிறது.

சுபாரு எஸ்டிஐ பற்றிக் கேட்பவர்களுக்கு: ஓட்ட இனிமையானது, ஆனால் 2.5 லிட்டர் ஈஜே இன்ஜினின் பிஸ்டனில் வளையங்களுக்கு இடையே உள்ள விளிம்பு உடைவது பிரசித்தம், பழைய காடியாக வாங்கினால் இன்ஜின் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். ஜிஆர் யாரிஸ் வேறு ரகம், 1.6 மூன்று சிலிண்டர் டர்போவில் முதலில் வந்தபோதே 261 பிஎஸ், ஆனால் விலையும் வேறு உயரம், இங்கே ஒப்பிடுவது நியாயமில்லை.

புதிய ஜிஆர் 86 வந்ததே, அதை வாங்கலாமா? பணம் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். 2,387 சிசி, 235 பிஎஸ், அதைவிட முக்கியமாக 250 நியூட்டன் மீட்டர் டார்க் 3,700 சுற்றிலேயே வந்துவிடுகிறது. நான் மேலே திட்டிய அந்தப் பள்ளம் இதில் இல்லை. காராக் ஏற்றத்தில் கியர் இறக்காமலே போகிறது. உடல்கட்டும் இறுக்கமாகியிருக்கிறது. ஆனால் சாலை வரியையும் பாருங்கள். தீபகற்பத்தில் தனியார் காடிக்கு 1,998 சிசி என்றால் வருஷத்துக்கு 379 வெள்ளி, 2,387 சிசி என்றால் 767 வெள்ளி. இரண்டு மடங்கு. ஜிஆர் 86-இன் விலையே பெரிய தொகை என்பதால் இது பெரிதாகத் தெரியாமல் போகலாம், ஆனால் பழைய 86-ஐ நல்ல நிலையில் வாங்கி, மிச்சப் பணத்தில் கீழே சொல்லும் வேலைகளைச் செய்தால் சாலையில் கிடைக்கும் சந்தோஷத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது.

மாற்றங்களுக்கு வருவோம். இதில்தான் பலர் பணத்தைக் கொட்டி நல்ல காடியைக் கெடுக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் டயர். 86-க்குக் கிடைக்கும் மிக நல்ல மாற்றம் டயர்தான். நம் ஊரில் மழை பின்னேரம் நான்கு மணிக்கு வந்து, அரை மணி நேரத்தில் நெடுஞ்சாலையின் இடது ஓரத்தில் தண்ணீரைத் தேக்கிவைத்துவிடும். அதில் போகும்போது டயரின் பள்ளம் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். பைலட் ஸ்போர்ட் 4 அல்லது 5, பொடென்சா ஆர்இ004 இந்த வரிசையில் ஏதாவது ஒன்று போதும். பழைய 17 அங்குல அளவிலேயே இருங்கள், 225/45 வரை போகலாம். அட்வான் நியோவா மாதிரியான, பள்ளம் குறைந்த ரேஸ் பாணி டயரைத் தினசரி ஓட்டத்துக்குப் போடாதீர்கள். காய்ந்த சாலையில் ஒட்டிக்கொள்ளும், தேங்கிய தண்ணீரில் மிதக்கத் தொடங்கினால் முன்னெச்சரிக்கையே கிடைக்காது. அதோடு இன்னொன்று, பிடிப்பு அளவுக்கு மீறிப் போனால் நான் மேலே சொன்ன அந்தப் பேச்சு நின்றுபோகும். 200 பிஎஸ் காடிக்கு 255 அகல டயர் போட்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன், அந்தக் காடி வளைவில் எதையும் சொல்வதில்லை, வெறுமனே திரும்புகிறது. 18, 19 அங்குலச் சக்கரம் அழகுக்கு நன்றாக இருக்கும், ஆனால் சக்கரத்தின் எடை கூடும்போது சஸ்பென்ஷன் மெனக்கெடும், ஏற்கெனவே கொஞ்சம் இறுக்கமான காடி இன்னும் உலுக்கும். சக்கரம் வாங்கும்போது 5x100 துளை அளவு, நடுத்துளை 56.1 என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து பிரேக். பெரிய காலிப்பர், பெரிய டிஸ்க் வாங்கி மாட்டினால் காடி சீக்கிரம் நிற்கும் என்பது தவறான நம்பிக்கை. ஒரு முறை அழுத்தி நிறுத்துவதற்கு எல்லை போடுவது டயர். பெரிய பிரேக் தருவது சூட்டைத் தாங்கும் திறன், அது செப்பாங்கில் சுற்றுக்குச் சுற்று ஓட்டுகிறவர்களுக்கு வேண்டும். சாலைக்கு நல்ல பேட், புது டாட் 4 எண்ணெய், இரண்டும் போதும். நம் ஊர் ஈரப்பதத்தில் பிரேக் எண்ணெய் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், கொதிநிலை இறங்கிக்கொண்டே போகும். கெந்திங்கிலிருந்து இறங்கும்போது பெடல் மெத்தென்று கீழே போனால் காரணம் பெரும்பாலும் இதுதான். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள், இறங்கும்போது கியரைக் குறைத்து இன்ஜின் பிரேக்கில் வாருங்கள். ரேஸ் பேட் வாங்காதீர்கள், அது சூடானால்தான் பிடிக்கும், காலையில் வீட்டுக்கு முன்னால் உள்ள முதல் சந்திப்பில் அது சூடாகியிருக்காது.

சஸ்பென்ஷன். தொழிற்சாலை டாம்பர் (அதிர்வை அடக்கும் உருளை) மோசமில்லை, ஆனால் பத்து வருஷம் ஓடிய காடியில் அது செத்திருக்கும். மாற்ற வேண்டிய நேரம் வந்ததும் எல்லாரும் ஸ்பிரிங்கும் டாம்பரும் ஒரே தொகுப்பாக வரும் காயில்ஓவருக்குத் தாவுகிறார்கள். உயரம் மாற்றலாம், இறுக்கம் மாற்றலாம், முப்பத்திரண்டு படிகள் என்று பெட்டியில் எழுதியிருக்கும். விலை மலிவான செட்டில் அந்தப் படிகளில் பாதிக்கு மேல் ஒரு வித்தியாசமும் தெரியாது. என் நண்பர் ஒருவர் ஓர் ஒர்க்‌ஷாப் பேச்சை நம்பி மலிவு செட் போட்டார், பெயர் வேண்டாம், ஒரு வருஷத்துக்குள் சீல் கசிந்தது, வாரண்டி என்று போனால் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். அவ்வளவு நாள் காடி ஜாக்கியில் நிற்க முடியுமா? நல்ல செட்டுக்குப் பணம் இல்லையென்றால் புதுத் தொழிற்சாலை டாம்பரும் 20 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங்கும் போடுங்கள். அதற்குக் கீழே தாழ்த்தாதீர்கள். கார் நிறுத்தக் கட்டடங்களின் சரிவுப் பாதை, தாமான் வேகத்தடை, திடீர் வெள்ளம், இவை மூன்றும் ஒவ்வொரு நாளும் உங்களுக்காகக் காத்திருக்கின்றன. தாழ்த்திய பிறகு அலைன்மென்ட் கட்டாயம். முன்னால் கேம்பர் போல்ட் போட்டு ஒரு டிகிரிக்கு மேல் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்வது) வையுங்கள், பின்னால் டோ (சக்கரம் பார்க்கும் திசை) சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு வேலைக்கு ஆகும் சொற்பச் செலவில் காடியின் மூக்கு எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். பழைய காடியின் புஷ்களையும் (சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள ரப்பர்) கையோடு அப்போதே மாற்றிவிடுங்கள்.

இப்போது எல்லாரும் கேட்கும் விஷயம், சக்தி. அந்த டார்க் பள்ளத்தை நிரப்ப வழி இருக்கிறது: எக்ஸாஸ்ட் ஹெடரை (இன்ஜினிலிருந்து புகை வெளிவரும் முதல் குழாய்கள்) மாற்றி, அதற்கேற்ப இன்ஜினை இயக்கும் கணினியான இசியு-வை டியூன் செய்வது. இரண்டும் சேர்ந்தால்தான் பலன், ஒன்று மட்டும் போட்டால் அரைகுறை. சம நீளக் குழாய் உள்ள ஹெடர் பள்ளத்தை நன்றாக நிரப்பும். நீளம் மாறுபட்ட ஹெடர் அந்தப் பழைய சுபாரு உறுமலைத் தரும். சத்தத்துக்காக இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதிகம், நான் முதலாவதின் பக்கம். இந்த இன்ஜினின் கம்ப்ரஷன் 12.5, நல்ல பெட்ரோல் கேட்கிற இன்ஜின், ரான் 95 ஊற்றினால் நாக் (பெட்ரோல் தப்பான நேரத்தில் வெடிப்பது) வராமல் இருக்க இசியு தானே டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும், சக்தி குறையும். ரான் 97-க்குக் கீழே போகாதீர்கள். டியூன் செய்பவர் எந்தப் பெட்ரோலுக்கு எழுதிக் கொடுத்தாரோ அதையே ஊற்றுங்கள், 100-க்கு எழுதிய டியூனில் 95 ஊற்றுவது இன்ஜினுக்குச் செய்யும் துரோகம். திறந்த ஏர் ஃபில்டர், கோன் வடிவில் பளபளவென்று இருக்குமே, அது வேண்டவே வேண்டாம். நெரிசலில் நிற்கும்போது இன்ஜின் அறையின் சூட்டுக் காற்றையே உறிஞ்சும், இருக்கிற சக்தியும் போகும், சத்தம் மட்டும் மிஞ்சும். தொழிற்சாலைப் பெட்டியே போதும், உள்ளே ஃபில்டரை நேரத்துக்கு மாற்றினால் சரி.

டர்போவோ சூப்பர்சார்ஜரோ? என் பதில் வேண்டாம் என்பதுதான். கிட் விலை தெரியும், அதோடு முடிவதில்லை. 12.5 கம்ப்ரஷன் இன்ஜினில் பூஸ்ட் ஏற்றும்போது தவறுக்கு இடமே இல்லை, கனெக்டிங் ராடின் தாங்குதிறனுக்கு எல்லை உண்டு, கிளட்ச் தாங்காது, எண்ணெய் கூலர் வேண்டும், நம் வெயிலில் எண்ணெய்ச் சூடு ஏறிக்கொண்டே போகும். இதெல்லாம் போட்டு முடித்தால் கையில் இருப்பது ஈவோ விலையில் ஒரு 86, அதுவும் ஜேபிஜே அனுமதி இல்லாத 86. இன்சூரன்ஸ்காரர்களிடம் சொல்லாமல் செய்த மாற்றம் விபத்து நடந்த பிறகு அவர்களுக்கு நல்ல சாக்காகிவிடும். அவ்வளவு சக்தி வேண்டுமென்றால் சக்தியோடு பிறந்த காடியை வாங்குங்கள்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவது பற்றியும் ஒரு வார்த்தை. செய்யாதீர்கள். நாற்றம் காடிக்குள்ளேயே வரும், பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவர் அதைச் சுவாசிக்கிறார், இரவு பதினொரு மணிக்கு அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தில் அந்தச் சத்தத்தோடு ஏறுவதில் எந்தப் பெருமையும் இல்லை.

தினசரி வாழ்க்கை எப்படி? லிட்டருக்குப் பத்து கிலோமீட்டரைச் சுற்றி வருகிறது, நெடுஞ்சாலையில் அதைவிட நன்றாக. டயர் சத்தம் உள்ளே கேட்கும், ஈப்போ வரை போனால் வானொலியைக் கொஞ்சம் ஏற்றி வைக்க வேண்டும். இன்ஜின் எண்ணெய் 0டபிள்யூ-20 என்று கையேடு சொல்கிறது, செப்பாங்குக்கு எடுத்துப் போகிறவர்கள் 5டபிள்யூ-30 ஊற்றுவது வழக்கம், நெரிசலில் ஓட்டும் காடிக்கு எண்ணெய் மாற்றும் இடைவெளியை நீட்டாதீர்கள். இன்ஜினில் சிள்வண்டு மாதிரி ஒரு கீச்சுச் சத்தம் கேட்டால் பதற வேண்டாம், உயர் அழுத்தப் பெட்ரோல் பம்பின் சத்தம் அது, இந்த இன்ஜினுக்கே உரியது. ஸ்பார்க் பிளக் மாற்றுவது மட்டும் பெரிய வேலை. சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் படுத்திருப்பதால் கையை நுழைக்கவே இடமில்லை, சாதாரண கொரோலாவுக்கு ஆகும் கூலியை எதிர்பார்த்துப் போனால் பட்டறை முதலாளியான தவுக்கேயிடம் சண்டை வரும். அவர் கேட்பது நியாயமான கூலிதான்.

வாங்கப் போகிறவர்களுக்கு. உள்ளூரில் டொயோட்டா அதிகாரபூர்வமாக விற்ற காடியும் இருக்கிறது, ஜப்பானில் ஓட்டிய பிறகு இறக்குமதியாகி வந்த ரீகான் காடியும் இருக்கிறது. ரீகான் என்றால் ஜப்பான் ஏலத்தில் காடியின் தரத்தைக் குறித்த ஏலச் சீட்டைக் கேளுங்கள், மூலச் சீட்டு, விற்பனையாளர் தட்டச்சு செய்து கொடுத்தது இல்லை. 4 அல்லது 4.5 தரம் நல்லது. ஆர் என்று போட்டிருந்தால் அடிபட்டுச் சரிசெய்த காடி, அதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை, எங்கே அடிபட்டது என்று படத்தில் குறித்திருப்பார்கள், தூண்களிலோ சஸ்பென்ஷன் பொருந்தும் இடத்திலோ என்றால் விட்டுவிடுங்கள். சீட்டில் உள்ள கிலோமீட்டரையும் மீட்டரில் உள்ளதையும் ஒப்பிடுங்கள். 2016-இல் வந்த மறுவடிவத்தை வாங்க முடிந்தால் நல்லது, மேனுவலில் பின் அச்சின் விகிதம் 4.1-லிருந்து 4.3 ஆகி, காடி இன்னும் துள்ளலாக இருக்கிறது.

2012, 2013-இல் தயாரான காடி என்றால் இன்னொரு கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும். வால்வு ஸ்பிரிங் உடையும் அபாயத்துக்காக 2018 இறுதியில் அந்தக் காடிகளைத் திரும்ப அழைத்தார்கள். ஸ்பிரிங்கை மாற்ற இன்ஜினையே கீழே இறக்கிப் பிரித்து, மீண்டும் சீலன்ட் தடவி மூட வேண்டும். அமெரிக்காவில் இந்த வேலைக்குப் பிறகு இன்ஜின் போய்விட்டது என்று பல உரிமையாளர்கள் புகார் செய்தார்கள், அளவுக்கு மீறித் தடவிய சீலன்ட் பிசிறாகி எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை அடைத்ததுதான் காரணம் என்று பேச்சு. அதனால் வேலை நடந்திருக்கிறதா என்பது மட்டும் போதாது. எப்போது நடந்தது, அதற்குப் பிறகு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது, எண்ணெய்ப் பாத்திரத்தைக் கழற்றிச் சல்லடையைப் பார்த்தார்களா, இந்த மூன்றையும் கேளுங்கள். வேலை முடிந்து நல்ல தூரம் ஓடிய காடி என்றால் பயமில்லை. வேலையே நடக்கவில்லை என்றால் சேசிஸ் எண்ணைக் கொடுத்து டொயோட்டா சேவை மையத்தில் விசாரித்துவிட்டுப் பேரம் பேசுங்கள். பதில் சொல்லாமல், நிறைய பேர் கேட்கிறார்கள், இன்றைக்கே முன்பணம் போடுங்கள் என்று அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காதீர்கள், அடுத்த வாரமே இன்னொரு 86 விற்பனைக்கு வரும்.